வானொலியில் இப்போது எந்தப் புதிய ஜாஸ் ஆல்பங்கள் ஓடுகின்றன? நீங்களே கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக வந்த ஜாஸ் ஆல்பங்களில் எவற்றை வானொலிகள் போடுகின்றன என்று யாராவது கேட்டால், பத்துப் பெயர்களை உடனே எழுதிக் கொடுத்துவிட முடியும். ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் அவற்றில் பாதி பட்டியலைவிட்டு இறங்கியிருக்கும். ஜாஸ் வானொலியில் ஓர் ஆல்பத்தின் ஆயுள் அவ்வளவுதான். மெல்ல ஏறும், சில வாரம் மேலே நிற்கும், அடுத்து வந்ததற்கு வழிவிட்டு நகர்ந்துவிடும். அதனால் சில பெயர்களோடு சேர்த்து, எந்த வாரத்திலும் நீங்களே போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழியையும் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஸ்ட்ரீமிங் செயலிகள் இருக்கும்போது வானொலி எதற்கு என்று தோன்றலாம். செயலி நீங்கள் நேற்றுக் கேட்டதன் சாயலிலேயே இன்றும் ஒன்றை நீட்டும். ஜாஸ் நிலையங்களில் இன்னும் ஒரு மனிதர் உட்கார்ந்து, வந்து குவிந்த ஆல்பங்களைக் கேட்டு, இதைப் போடலாம், இதை வேண்டாம் என்று பிரிக்கிறார். அந்தக் காதுகளைப் பின்தொடரக் கற்றுக்கொண்டால் போதும். பல ஆண்டுகளாக இந்தப் பட்டியல்களைப் பார்த்து வருகிறேன். முதலிடத்தில் என்ன இருக்கிறது என்பது எனக்கு அதிகம் உதவியதில்லை. யார் போட்டார்கள், எத்தனை நிலையங்களில் போட்டார்கள், எந்த நேரத்தில் போட்டார்கள் என்பதுதான் நல்ல ஆல்பங்களிடம் என்னைக் கொண்டு சேர்த்தது.

படி 1: கையில் இருக்கும் பட்டியல் எதை எண்ணுகிறது என்று பாருங்கள்

பெரும்பாலானவர்கள் வழுக்கும் இடம் இதுதான். "ஜாஸ் டாப் 50" என்று தலைப்பிட்டிருந்தால் அது வானொலிப் பட்டியலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அமெரிக்க இசைத்துறை இதழான பில்போர்டின் ஜாஸ் ஆல்பம் பட்டியல்கள் விற்பனையையும் ஸ்ட்ரீமிங்கையும் அடிப்படையாகக் கொண்டவை. அதனால்தான் 1959இல் வந்த மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இன்றும் அங்கே தலைகாட்டுகிறது. மக்கள் இன்னும் அதை வாங்குகிறார்கள், கேட்கிறார்கள். 2023இல் பாடகி லௌஃபேயின் 'பிவிட்ச்ட்' அங்கே முதலிடத்துக்குப் போனது. அதே ஆல்பத்துக்கு 2024 பிப்ரவரியில் கிடைத்த கிராமி விருது, ஜாஸ் பிரிவில் இல்லை, பாரம்பரியப் பாப் பிரிவில். அது நல்ல ஆல்பம்தான். ஆனால் ஜாஸ் வானொலி எதைப் போடுகிறது என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் பதில் கிடைக்காது.

இரண்டாவது வகை, விமர்சகர் பட்டியல். ஐரோப்பிய ஜாஸ் இதழாளர்கள் மாதந்தோறும் தங்கள் விருப்பத்தைச் சொல்லும் 'யூரோப் ஜாஸ் மீடியா சார்ட்' அப்படிப்பட்டது. ரசனை உள்ளவர்கள் தேர்ந்தெடுப்பது, கட்டாயம் பார்க்க வேண்டியது. ஆனால் அதில் எண்ணிக்கை எதுவும் இல்லை.

ஒலிபரப்பை உண்மையிலேயே எண்ணும் பட்டியல்களில் முதலில் பார்க்க வேண்டியது ஜாஸ்வீக். அமெரிக்காவை மையமாகக் கொண்ட ஜாஸ் நிலையங்கள் அந்த வாரம் எந்த ஆல்பத்தை எத்தனை முறை போட்டோம் என்று அறிக்கை தர, அதைக் கூட்டி வாரந்தோறும் வெளியிடுகிறார்கள். ஆண்டு முடிவில் முழு ஆண்டுக்குமான நூறு ஆல்பங்களின் தொகுப்பும் வரும். கல்லூரி வானொலிகளின் போக்கைப் பார்க்க என்ஏசிசி பட்டியல் இருக்கிறது. 1978 முதல் கல்லூரி வானொலிகளின் அளவுகோலாக இருந்த சிஎம்ஜே இதழ் ஓய்ந்தபின் 2017இல் தொடங்கியது இது. ஜாஸுக்கென்று தனிப் பட்டியலும் இதில் உண்டு. கல்லூரி மாணவர்கள் கொஞ்சம் முரட்டுத்தனமான, பரிசோதனையான இசைக்கும் இடம் தருவதால் ஜாஸ்வீக்கில் காணாத பெயர்கள் இங்கே கிடைக்கும்.

பாப் சாயல் கலந்த மென்மையான ஸ்மூத் ஜாஸ் வேறு உலகம். 1987இல் லாஸ் ஏஞ்சலஸில் 'தி வேவ்' நிலையம் தொடங்கிய காலத்திலிருந்து விளம்பர வருவாயில் ஓடிய வடிவம் அது. 2008இல் நியூயார்க்கின் பெரிய ஸ்மூத் ஜாஸ் நிலையமே ராக் பக்கம் போய்விட்டது. பில்போர்டு 2005 முதல் இதற்கென ஒலிபரப்புப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஆல்பம் இருக்காது, தனித்தனிப் பாடல்கள்தான். உங்கள் முன்னால் இருக்கும் பட்டியல் பாடல்களை வரிசைப்படுத்தினால், நீங்கள் தேடி வந்தது அது இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

படி 2: ஒரு வரியை முழுதாகப் படியுங்கள்

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்தக் கதையும் இந்த வரியில்தான் இருக்கிறது.

ஒலிபரப்புப் பட்டியலில் ஓர் ஆல்பத்துக்கு எதிரே பல எண்கள் இருக்கும். விளக்கத்துக்காக நானே ஒரு வரியை உருவாக்குகிறேன்: இந்த வாரம் 7ஆம் இடம், சென்ற வாரம் 15, அதற்கு முந்தைய வாரம் 31. ஸ்பின் 148, சென்ற வாரம் 101. நிலையங்கள் 41. ஆட் 6 (இதை அடுத்த படியில் விளக்குகிறேன்). பட்டியலில் இருக்கும் வாரங்கள் 3.

ஸ்பின் என்றால் ஒரு முறை ஒலிபரப்பானது. இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு. பாப் வானொலியில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு அந்தப் பாட்டை எண்ணுவார்கள். ஜாஸில் ஆல்பத்தை எண்ணுகிறார்கள். ஒரு நிலையம் இரண்டாவது பாட்டைப் போடும், இன்னொன்று ஆறாவதைப் போடும், இரவு நிகழ்ச்சிக்காரர் பத்து நிமிடம் ஓடும் கடைசிப் பாட்டைப் போடுவார். எல்லாம் ஒரே ஆல்பத்தின் கணக்கில் சேரும். ஆகவே ஜாஸ்வீக்கில் மேலே இருக்கும் ஆல்பத்தில், நிலையங்கள் போடத் தகுந்தவை என்று நினைத்த பாடல்கள் ஒன்றுக்கு மேல் இருக்கும் வாய்ப்பு அதிகம். முழு ஆல்பமாகக் கேட்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தி.

இப்போது 148ஐ 41ஆல் வகுங்கள். ஒரு நிலையத்துக்கு வாரம் மூன்றரை முறைக்குச் சற்று மேல். அடுத்த வரியில் இன்னோர் ஆல்பம் 150 ஸ்பின்னோடு இருக்கிறது, ஆனால் 22 நிலையங்கள்தான் என்று வையுங்கள். அங்கே நிலையத்துக்கு ஏறக்குறைய ஏழு முறை. இரண்டும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆனால் முதலாவது பரவலாக ஏற்கப்பட்டது. இரண்டாவது, குறைந்த இடங்களில், ஆனால் எடுத்துக்கொண்டவர்கள் விடாமல் போடுவது. நான் எப்போதும் இரண்டாவதைத்தான் முதலில் கேட்பேன். 22 பேர் ஒன்றைத் தினமும் போடுகிறார்கள் என்றால் அதில் ஏதோ பிடித்து இழுக்கிறது.

வாரங்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று வாரத்தில் 31, 15, 7 என்று ஏறுவது புதிய வேகம். பன்னிரண்டு வாரமாக இருந்து 5இல் நிற்பது இறங்கப்போகும் ஆல்பம். கேட்கக் கூடாது என்பதில்லை, புதிது என்று எண்ணிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

எண்களின் அளவும் நினைவில் இருக்கட்டும். உச்சத்தில் இருக்கும் ஜாஸ் ஆல்பத்துக்கும் வாரத்துக்குச் சில நூறு ஸ்பின்தான் வரும். பாப் வெற்றிப் பாட்டு ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் வரும். அளவு இவ்வளவு சிறியது என்பதால், 24ஆம் இடத்துக்கும் 29ஆம் இடத்துக்கும் நடுவே ஏழெட்டு ஸ்பின் வித்தியாசம்கூட இல்லாமல் போகலாம். ஒரே நிலையத்தின் ஒரு வார மனநிலை அதை மாற்றிவிடும். இடங்களை ஐந்து ஐந்தாகச் சேர்த்துப் பாருங்கள். தனி இடத்துக்கு மதிப்புத் தராதீர்கள்.

சில வாரங்கள் நம்பத் தகாதவை. டிசம்பரில் கிறிஸ்துமஸ் ஆல்பங்கள் உள்ளே புகுந்து மற்றவற்றைக் கீழே தள்ளும். அதனாலேயே பலர் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை புதிய ஆல்பத்தை வானொலிக்கு அனுப்பத் தயங்குவார்கள். நிலையங்கள் நேயர்களிடம் நன்கொடை கேட்கும் வாரங்களில் பேச்சு கூடும், பாட்டு குறையும். ஸ்பின் எண்ணிக்கை சென்ற வாரத்தைவிடக் குறைந்திருந்தால் உடனே ஆல்பத்தின் மேல் பழி போட்டுவிடாமல், பட்டியல் முழுவதுமே சரிந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

படி 3: 'ஆட்' வரிசையிலிருந்து தொடங்குங்கள்

ஒரு நிலையம் ஓர் ஆல்பத்தை இந்த வாரம் முதன்முறையாகத் தன் சுழற்சியில், அதாவது திரும்பத் திரும்பப் போடும் ஆல்பங்களில், சேர்த்தால் அது ஓர் 'ஆட்'. எத்தனை நிலையங்கள் புதிதாகச் சேர்த்தன என்பதைப் பட்டியல்கள் தனியாகவே வெளியிடும். முதல் ஐம்பதில் இன்னும் வராத ஆல்பம் இங்கே முதலிடத்தில் இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் அது மேலே வரும்போது நீங்கள் அதை ஏற்கெனவே கேட்டு முடித்திருப்பீர்கள்.

ஆல்பங்கள் உலகெங்கும் வெள்ளிக்கிழமை வெளியாகும் வழக்கம் 2015 ஜூலை 10 அன்று தொடங்கியது. ஆனால் வானொலிக்கு அனுப்பும் தேதி அதிலிருந்து வேறுபடலாம். சில ஆல்பங்கள் கடைக்கு வருமுன்பே காற்றில் வந்துவிடும். அப்படி ஒன்று கேட்டுப் பிடித்து, தேடியும் கிடைக்கவில்லை என்றால் குழம்ப வேண்டாம். பெயரை எழுதி வைத்துக்கொண்டு இரண்டு வெள்ளிக்கிழமை பொறுத்திருங்கள்.

படி 4: அந்த ஆல்பம் அங்கே எப்படிப் போனது என்று புரிந்துகொள்ளுங்கள்

நமக்கு மியூசிக் டைரக்டர் என்றால் இசையமைப்பாளர். அமெரிக்க வானொலியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. வந்த ஆல்பங்களைக் கேட்டு, எது நிலையத்தில் ஓடலாம் என்று முடிவெடுப்பவர். அவர் மேசைக்கு ஒவ்வொரு வாரமும் கோப்புகளாகவும் சிடிகளாகவும் வரும் ஆல்பங்களில் எல்லாவற்றையும் முழுதாகக் கேட்க எந்த மனிதராலும் முடியாது. முதல் பாட்டின் முதல் நிமிடம் பெரும் வேலை செய்கிறது. பத்து நிமிடம் பியானோ தனியாகத் தேடலோடு தொடங்கும் ஆல்பம் எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும் பகல் நேரத்துக்குள் நுழைவது கடினம். ஐந்து நிமிடத்துக்குள் முடியும், தெளிவான தாளத்தோடு தொடங்கும், எல்லாரும் அறிந்த ஒரு பழைய மெட்டையாவது தொடும் ஆல்பம் எளிதாக உள்ளே போகும்.

அந்தப் பழைய மெட்டுகளை 'ஸ்டாண்டர்ட்' என்பார்கள். ஒரே கீர்த்தனையைப் பத்துப் பேர் பத்து விதமாகப் பாடக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதுக் கலைஞரை அளக்க வானொலிக்காரர்களுக்கும் அதுதான் அளவுகோல்.

இடையில் விளம்பர முகவர்கள் இருக்கிறார்கள். கலைஞரோ, ஆல்பத்தை வெளியிடும் நிறுவனமான லேபிளோ அவர்களை அமர்த்துவது உண்டு. அவர்கள் வாரந்தோறும் நிலையங்களைத் தொடர்புகொண்டு, கேட்டீர்களா, எந்தப் பாட்டு பிடித்தது என்று விசாரிப்பார்கள். ஒரு முயற்சி வழக்கமாக இரண்டு மூன்று மாதம் ஓடும். இது கையூட்டு இல்லை. 1950களின் இறுதியில் அமெரிக்க வானொலியில் காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போட்ட ஊழல் வெடித்த பிறகு, 1960இல் சட்டம் திருத்தப்பட்டது. பணம் வாங்கியதை நேயரிடம் மறைத்து ஒலிபரப்புவது அன்றுமுதல் குற்றம். ஆனாலும் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: முகவருக்குக் கொடுக்கப் பணம் இல்லாத கலைஞரின் ஆல்பம் பட்டியலில் வராமலே போகலாம். பட்டியலில் இல்லை என்பதால் ஓர் ஆல்பத்தைக் குறைவாக நினைக்காதீர்கள். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். ஐந்தாவது படியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கும் அதுவே காரணம்.

படி 5: நிலையங்களை நேரடியாகக் கேளுங்கள்

அமெரிக்க ஜாஸ் நிலையங்களின் அலைவரிசையைக் கவனியுங்கள். நியூவார்க்கின் டபிள்யூபிஜிஓ 88.3. சியாட்டில்–டகோமாவின் கேஎன்கேஎக்ஸ் 88.5. போர்ட்லாந்தின் கேஎம்ஹெச்டி 89.1. டென்வரின் கேயூவிஓ 89.3. நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூடபிள்யூஓஸீ 90.7. சிகாகோ பக்கத்து டபிள்யூடிசிபி 90.9. சான் மாட்டியோவின் கேசிஎஸ்எம் 91.1. எல்லாம் எஃப்எம் அளவின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காரணம், அங்கே 88.1 முதல் 91.9 வரையுள்ள இருபது அலைவரிசைகள் வணிக நோக்கமற்ற நிலையங்களுக்காக ஒதுக்கப்பட்டவை. விளம்பரதாரருக்குப் பயப்பட வேண்டாம் என்பதால்தான் யாரும் கேட்டிராத ஒரு டிரம்பெட் கலைஞரின் முதல் ஆல்பத்தை அவர்களால் பகல் பதினோரு மணிக்குப் போட முடிகிறது.

இவை நேயர்களின் பணத்தில் வாழ்பவை. கேஎன்கேஎக்ஸ் முன்பு ஒரு பல்கலைக்கழகத்தின் கையில் இருந்தது. அது கைமாறும் நிலை வந்தபோது 2016இல் நேயர்களும் நண்பர்களும் 70 லட்சம் டாலர் திரட்டி நிலையத்தைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள். 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. பொது ஒலிபரப்பைச் சேர்ந்த ஜாஸ் நிலையங்களையும் இது தொட்டது. இந்த நிலையங்கள் சுருங்கினால் புதிய ஆல்பங்களுக்கான கதவுதான் முதலில் சாத்தப்படும் என்று அஞ்சுகிறேன்.

எல்லாவற்றையும் இணையத்தில் நேரடியாகக் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு. டபிள்யூபிஜிஓ 1979 முதல் ஜாஸுக்கே வாழும் நிலையம், நடுப்பாதை ஜாஸின் நாடித்துடிப்பை அங்கே பிடிக்கலாம். டபிள்யூடபிள்யூஓஸீயில் தன்னார்வலர்களே நிகழ்ச்சி நடத்துகிறார்கள். நியூ ஆர்லியன்ஸ் இசையை அவர்கள் முதலில் போடுவார்கள், மற்ற ஊர் ஆல்பங்கள் பிறகுதான். கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களின் டபிள்யூகேசிஆர், மேதைகளின் பிறந்தநாளில் நாள் முழுக்க அவர்களின் இசையையே போடும். அற்புதமான நாள், ஆனால் புதியது எதுவும் அன்று கிடைக்காது.

அமெரிக்காவுக்கு வெளியே வந்தால் காட்சி மாறிவிடும். லண்டனின் ஜாஸ் எஃப்எம் 1990இல் தொடங்கியது, இப்போது டிஜிட்டலில் இருக்கிறது. பிபிசி ரேடியோ 3இல் 2024 ஏப்ரல் முதல் சாக்ஸபோன் கலைஞர் சொவெட்டோ கின்ச் வார நாட்களின் பின்னிரவில் நடத்தும் 'ரவுண்ட் மிட்நைட்', பிரிட்டனின் புதிய ஜாஸுக்குப் பெரிய வாசல். பாரிஸில் டிஎஸ்எஃப் ஜாஸ், ரேடியோ பிரான்ஸின் ஃபிப் நிலையத்துக்கென ஒரு தனி ஜாஸ் இணைய அலைவரிசை, கனடாவில் டொராண்டோவின் ஜாஸ் எஃப்எம் 91, ஆஸ்திரேலியாவில் ஏபிசி ஜாஸ், சுவிட்சர்லாந்தில் ரேடியோ சுவிஸ் ஜாஸ். அமெரிக்கப் பட்டியலில் காணவே காணாத ஐரோப்பியப் பெயர்கள் இங்கே தினமும் வரும்.

இவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஓர் அமெரிக்கப் பொது நிலையம், ஓர் ஐரோப்பிய நிலையம், ஒரு கல்லூரி நிலையம். அந்த ஊர் நேரத்துக்கும் உங்கள் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள், கோடையில் அது ஒரு மணி நேரம் மாறும் என்பதையும் சேர்த்து.

படி 6: போட்ட பாட்டுப் பட்டியலைத் தோண்டுங்கள்

பெரும்பாலான நிலையங்களின் தளத்தில் ஒலிபரப்பான பாடல்கள் நிமிடக் கணக்கோடு பதிவாகும். பாட்டு, கலைஞர், ஆல்பம், லேபிள் எல்லாம் இருக்கும். இங்கேதான் தங்கம் கிடக்கிறது. கூட்டிக் கழித்த தேசியப் பட்டியலில் தெரியாதது இதில் தெரியும்: காலை ஒன்பது மணிக்காரர் எதைப் போடுகிறார், இரவு பன்னிரண்டு மணிக்காரர் எதைப் போடுகிறார் என்று.

நாளை என்ன வரும் என்று தேடாதீர்கள், கிடைக்காது. அமெரிக்காவில் இணைய ஒலிபரப்புக்கான சட்ட உரிமத்தின் நிபந்தனைப்படி பாடல் பட்டியலை முன்கூட்டியே வெளியிடக் கூடாது. அதே நிபந்தனைகளில் இன்னொன்று: மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பாடல்களுக்கு மேல் கூடாது, அதிலும் இரண்டுக்கு மேல் அடுத்தடுத்து வரக் கூடாது. ஆகவே ஓர் ஆல்பம் வானொலியில் துண்டு துண்டாகத்தான் உங்களிடம் வந்து சேரும்.

பட்டியலைப் படிக்கும்போது நான் மூன்று விஷயங்களைத் தேடுவேன். ஒரே ஆல்பத்திலிருந்து ஒரே தொகுப்பாளர் வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு பாடல்களைப் போட்டிருக்கிறாரா? போட்டிருந்தால் அவர் அதை முழுதாகக் கேட்டிருக்கிறார், முகவர் சொன்ன பாட்டோடு நிற்கவில்லை. பகலில் ஒரு பாட்டும் இரவில் வேறு பாட்டும் வந்திருக்கிறதா? அந்த ஆல்பத்துக்கு இரண்டு முகம் இருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு நாட்டு நிலையங்கள் ஒரே வாரத்தில் அதைப் போட்டிருக்கின்றனவா? அப்படியானால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

சில வாரத்தில் ஒரு தொகுப்பாளரின் ரசனை உங்களுடையதோடு ஒத்துப்போவதைக் காண்பீர்கள். அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐம்பது நிலையங்களின் கூட்டுத்தொகை தராத நம்பிக்கையை அந்த ஒருவர் தருவார்.

படி 7: காதைப் பழக்கச் சில ஆல்பங்கள்

அண்மை ஆண்டுகளில் வந்தவற்றிலிருந்து, வானொலியில் எது எந்த நேரத்துக்குப் பொருந்தும் என்று புரிந்துகொள்ள உதவும் சிலவற்றைச் சொல்கிறேன். இது தரவரிசை இல்லை.

பகல் நேரத்துக்கே செய்தது போன்றது கென்னி பாரனின் 'பியாண்ட் திஸ் ப்ளேஸ்' (2024). எண்பதைத் தொட்ட பியானோ மேதைக்குப் பக்கத்தில் 1997இல் பிறந்த இமானுவல் வில்கின்ஸ் சாக்ஸபோன் வாசிக்கிறார். பழையவருக்காகக் கேட்கும் நேயரும் புதியவருக்காகக் கேட்பவரும் ஒரே பாட்டில் சந்திக்கிறார்கள். எம்மெட் கோஹனின் 'வைப் ப்ரொவைடர்' (2024), ரெனி ராஸ்னஸ் வழிநடத்தும் ஆர்ட்டமிஸ் குழுவின் 'ஆர்போரெஸ்க்' (2025) இரண்டும் அதே வகை. தெளிவான தாளம், கூர்மையான வாசிப்பு.

குரல் இசைக்கு வானொலியில் எப்போதும் தனி இடம் உண்டு. 2023இல் சிறந்த புதுமுகத்துக்கான கிராமி பெற்ற சமாரா ஜாயின் 'போர்ட்ரெய்ட்' (2024), குரலை ஊதுகருவிகளின் நடுவே இன்னொரு கருவியாகவே நிறுத்துகிறது. டீ டீ பிரிட்ஜ்வாட்டரும் பில் சார்லாப்பும் இருவராகச் செய்த 'எலிமெண்டல்' (2025), குரலும் பியானோவும் மட்டும் போதும் என்று காட்டுவது. செசில் மெக்லோரின் சால்வன்ட்டின் 'ஓ ஸ்னாப்' (2025) இவ்விரண்டின் பாதையிலும் வராது. தொகுப்பாளர் துணிச்சலானவரா என்று அறிய அது நல்ல சோதனை.

பெரிய குழுவுக்குக் கிறிஸ்டியன் மெக்பிரைடின் 'வித்தவுட் ஃபர்தர் அடூ' முதல் தொகுதி (2025). ஸ்டிங் உட்படப் பாடகர்கள் பலர் வருகிறார்கள். இப்படி ஓர் ஆல்பம் வந்தால் ஒவ்வொரு நிலையமும் தனக்கு வேண்டிய பாட்டை எடுத்துக்கொள்ளும், ஸ்பின் கணக்கு எளிதில் ஏறும்.

பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ் நால்வர் குழுவின் 'பிலாங்கிங்' (2025) பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. பியானோ கலைஞர் கீத் ஜேரட் 1974இல் ஐரோப்பியக் கலைஞர்களோடு இசிஎம் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த ஆல்பத்தை, அதே பெயரில், முழுதாக மறுபடி வாசித்திருக்கிறார்கள். பழைய பதிவை அறிந்த தொகுப்பாளர் இரண்டையும் அடுத்தடுத்துப் போடக்கூடும். அப்படி ஒருவர் போடக் கேட்டால் அந்த நிகழ்ச்சியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாட்டோடு பாடமும் நடத்தத் தெரிந்தவர் அவர்.

நூபையா கார்சியாவின் 'ஒடிசி' (2024) லண்டன் பக்கத்துக் காற்று. சாக்ஸபோனுக்குப் பின்னால் நரம்பிசைக் குழுவே விரிகிறது. அமெரிக்க நிலையத்தில் அது எப்போது வருகிறது, பிரிட்டன் நிலையத்தில் எப்போது வருகிறது என்று ஒப்பிட்டால் இரு நாட்டு ரசனையின் இடைவெளி புரியும்.

பின்னிரவுக்குப் போனால் மேரி ஹால்வர்சனின் 'அபௌட் கோஸ்ட்ஸ்' (2025), விஜய் ஐயரும் வாடாடா லியோ ஸ்மித்தும் சேர்ந்து செய்த 'டிஃபயன்ட் லைஃப்' (2025). விஜய் ஐயர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப் பெற்றோரின் மகன். இரண்டே கலைஞர்கள் பேசிக்கொள்ளும் அந்த ஆல்பம் அவசரத்தில் கேட்கத் தக்கதல்ல. பட்டியலின் உச்சியில் இத்தகையவற்றைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நள்ளிரவு நிகழ்ச்சிகளின் பாட்டுப் பதிவில் தேடுங்கள்.

படி 8: வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

வாரம் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். முதல் பத்து நிமிடம் ஒலிபரப்புப் பட்டியலில் ஆட் வரிசையை மட்டும் பாருங்கள், பெயர்களை எழுதுங்கள். அடுத்த பத்து நிமிடம், சென்ற வாரம் எழுதியவை எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். பிறகு உங்கள் மூன்று நிலையங்களின் பாட்டுப் பதிவில், உங்கள் தொகுப்பாளரின் நேரத்தை மட்டும். மீதி நேரம் கேட்பதற்கு. பட்டியலைப் பார்ப்பதே வேலையாகிவிட்டால் இசை கைநழுவிப் போகும். எனக்கு அப்படி ஆன மாதங்கள் உண்டு.

நோட்டில் ஓர் ஆல்பத்துக்கு ஐந்து குறிப்புகள் போதும்: பெயர், கலைஞர், முதலில் எங்கே கேட்டேன், எந்தப் பாட்டு, எப்படி இருந்தது. கடைசிக் குறிப்பை உங்கள் சொந்தச் சொல்லில் எழுதுங்கள். "டிரம்ஸ் பின்னால் இழுக்கிறது, பிடிக்கிறது" என்பது நட்சத்திரக் குறியைவிட ஆறு மாதம் கழித்து அதிகம் உதவும்.

ஓர் ஆல்பம் பிடித்துவிட்டால் அதை முழுதாக, வரிசை மாறாமல் ஒருமுறை கேளுங்கள். முடிந்தால் கலைஞரிடமிருந்தோ லேபிளிடமிருந்தோ நேரடியாக வாங்குங்கள். அமெரிக்காவில் எஃப்எம் காற்றில் ஒரு பாட்டு போனால் அதை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் உரிமைத்தொகை. வாசித்தவருக்கு ஒன்றும் இல்லை. பிறர் மெட்டுகளை வாசித்தே வாழும் கலைஞருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். அதே ஒலிபரப்பு இணையம் வழியாகப் போகும்போது வாசித்தவர்களுக்கும் பங்கு உண்டு. சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு அதை வசூலித்து, பாதியை ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும் 45 சதவீதத்தை முதன்மைக் கலைஞருக்கும் 5 சதவீதத்தை உடன் வாசித்தவர்களுக்கும் பிரித்துத் தருகிறது.

இன்னும் ஒன்று மீதம் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த ஆல்பத்தைப் போட்ட தொகுப்பாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். சிறிய நிலையத்தில் இருப்பவருக்கு வேறு நாட்டிலிருந்து ஒரு மடல் வருவது சாதாரண விஷயமில்லை. அந்த ஆல்பம் சுழற்சியில் இன்னும் ஒரு வாரம் தங்க அது காரணமாகலாம். ஆல்பத்தின் பெயர், பாட்டின் பெயர், நீங்கள் கேட்ட தேதி, அந்த நிலையத்தின் உள்ளூர் நேரம் என நான்கையும் தவறாமல் குறிப்பிடுங்கள்.